புதுப்பிப்பு: அப்பாவோட பைபாஸ் முடிஞ்சுது

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய்ல மூணு அடைப்பு, பயமா இருக்கு, வேண்டிக்கோங்கன்னு எழுதியிருந்தேன்ல? ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கால்லேர்ந்து ரத்தக்குழாய் எடுத்து வச்சுத் தைச்சிருக்காங்க. ஆபரேஷனுக்காகப் பிளந்த நெஞ்செலும்பு ஒட்ட 6 முதல் 8 வாரம் ஆகுமாம்.

"சாமியை நம்புறவங்களுக்குக் கத்தி எதுக்கு?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. வைத்தீஸ்வரன்கோயில்ல சிவனே வைத்தியநாதர். வைத்தியத்துக்கே கடவுளான தன்வந்திரிக்கும் அங்கே சன்னதி இருக்கு. வைத்தியம் வேண்டாம்னு சொல்ற சாமியா அது? அம்மா அங்கே உப்பும் மிளகும் போடறதா நேர்ந்துகிட்டாங்க, அதே கையோட சம்மதப் படிவத்துல கையெழுத்தும் போட்டாங்க. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல அழுதது நான்தான், அவங்க இல்லை.

இப்போ அப்பா மூச்சை இழுத்தா, மூச்சுப் பயிற்சி டப்பாவுல ரெண்டு பந்து மேலே ஏறுது. மூணாவது அசையவே மாட்டேங்குது, அதுக்கு நர்ஸ்கிட்ட தினம் திட்டு. பயணம் போகலாம்னு டாக்டர் சொன்னதும் நேர்த்திக்கடனை முடிச்சுட்டு வரணும். விசாரிச்ச எல்லாருக்கும் நன்றி.