சீனாவின் குவாங்சோவில் ஒரு ஞாயிறு கிடைச்சிருக்கு, பழைய தெரு எங்கே பார்க்கலாம்?

துணிக்காரர்:
இங்கே நடக்கிற கேன்டன் ஃபேர் வணிகக் கண்காட்சிக்கு வந்திருக்கேன். ஞாயிறு முழுக்க ஓய்வு. பழைய கடைத்தெருவில் நடக்க ஆசை. நேத்து ஷாங்சியாஜியு கடைத்தெருவுக்குப் போனா ஒரே விளக்கு, கூட்டம், ஒலிபெருக்கி. பழைய ஊர் அங்கே எங்கே இருக்கு?

மழைக்கோட்டு:
அங்கேயே மேலே நிமிர்ந்து பாருங்க. 1995-ல நடைத்தெரு ஆக்கினதிலிருந்து கீழ்க்கடை மாறிக்கிட்டே இருக்கு. மாடி முகப்பு பழசுதான்.

லிவான்வாசி:
ஆறு வருஷம் அந்தப் பக்கம் குடியிருந்தவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

மெட்ரோ 1ஆம் லைன், சாங்ஷோ லு நிலையம். அங்கிருந்து என்னிங் லு தெருவுக்கு நடங்க. ரெண்டு பக்கமும் சீலோ வீடுகள். ‘சீ’ன்னா சவாரி, ‘லோ’ன்னா மாடிக்கட்டடம். மாடி நடைபாதை மேல ஏறி உட்கார்ந்திருக்கும், தூண்கள் தாங்கும். மழை கொட்டினாலும் கடைகடையா நனையாம போகலாம். கோட்டைச் சுவரை இடிச்சு ரோடு போட்ட பிறகு, 1920, 30களில் பெருகின கட்டடங்கள்.

‘டக் டக்’னு சத்தம் கேட்டா நில்லுங்க, செம்புப் பட்டறை. தகட்டைக் கையாலேயே தட்டி கெட்டில், பானை செய்யறாங்க. ஒவ்வொரு அடிக்கும் நகம் அளவு பள்ளம் விழும். அந்தப் பள்ளமெல்லாம் வரிசை பிசகாம வயிற்றைச் சுத்தி வளைஞ்சு வரும். நான் அரைமணி நேரம் அசையாம நின்னிருக்கேன்.

யோங்சிங்ஃபாங் 2016-ல புதுப்பிச்ச பகுதி. அழகுதான், ஆனா காபிக்கடை அதிகம், எனக்கு மனசு ஒட்டலை. பக்கத்துச் சந்துகளுக்குள்ள திரும்புங்க. கருங்கல் பாவின தரை. வாசல்ல மூணு அடுக்குக் கதவு இருக்கும்: முன்னால அரைக்கதவு, உள்ளே கெட்டிப் பலகைக் கதவு, நடுவுல தாங்லோங். ஏணியைப் படுக்க வச்ச மாதிரி இல்லை, நிமிர்த்தி வச்ச மாதிரி, உருட்டுக்கட்டைகள் குறுக்கே அடுக்கி, பக்கவாட்டில் தள்ளித் திறக்கறது. கட்டை எண்ணிக்கை எப்பவும் ஒற்றைப்படை, எண்ணிப் பாருங்க. பலகைக் கதவைத் திறந்து வச்சு இதை மட்டும் சாத்தினா காத்து வரும், ஆள் வர முடியாது. புழுக்கமான ஊருக்கு எவ்வளவு பொருத்தம்!

நிலைப்படி ஓரம் தரையோட தரையா ஒரு சிவப்புப் பலகை, முன்னால ஊதுவத்தி. வாசல் காக்கும் மண் தெய்வம். மிதிச்சிடாதீங்க. உள்ளே ஆள் குடியிருக்காங்க, கேட்காம படம் எடுக்க வேண்டாம். பாட்டிங்க யாராவது இருந்தா ‘ஜோ சன்’னு காலை வணக்கம் சொல்லுங்க, முகமே மலர்ந்திடும்.

துணிக்காரர்:
ரொம்ப நன்றிங்க அண்ணே. நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அங்கே இனிப்பு ஏதாவது?

லிவான்வாசி:
இரட்டை ஆடைப்பால்னு ஒரு பால் புட்டிங் பிரபலம், ஆனா அதில் முட்டை வெள்ளைக்கரு சேரும். இஞ்சிப்பால் கேளுங்க. இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊத்தினா தானே உறையும். பாலும் சர்க்கரையும் இஞ்சியும்தான். சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க.