தாத்தாவின் ராணுவப் பணி எண்ணைக் கண்டுபிடிக்க உதவி தேவை

என் தாத்தா இந்தியத் தரைப்படையில் எழுத்தர். 1953-ல் கொரியாவில் போர்க்கைதிகளைக் காத்த இந்தியப் படையோடு போனார். 1954 கடைசியில் லாவோஸ், போர்நிறுத்தத்தைக் கண்காணித்த சர்வதேச ஆணையத்தில். அப்புறம் ஏதோ ஒரு தூதரகத்தில் ராணுவ இணைப்பாளரிடம் வேலை. எந்த நாடு என்று பாட்டிக்கே நினைவில்லை. அவருக்கு இப்போது 91 வயது, அவர் இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

ராணுவ ஆவண அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினேன். பணி எண் இல்லாமல் தேட முடியாது என்றார்கள். வெளிநாட்டுப் பணிக்காக அவருக்குக் கிடைத்த விதேஷ் சேவா பதக்கத்தின் விளிம்பில் அந்த எண் இருக்கிறது, ஆனால் தேய்ந்து கடைசி மூன்று இலக்கங்கள்தான் தெரிகின்றன. ஓய்வூதியப் புத்தகம் வெள்ளத்தில் போய்விட்டது. மிச்சம், லாவோஸிலிருந்து வந்த நான்கு கடித உறைகள்: ஆணையத்தின் பெயரை இந்தியில் மேலே அச்சிட்ட நம் அஞ்சல்தலைகள், கள அஞ்சலக (படையினருக்கான அஞ்சலகம்) முத்திரை எண்ணும் தெளிவாக இருக்கிறது.

இந்த முத்திரை எண்ணையும் மூன்று இலக்கங்களையும் வைத்து முழுப் பணி எண்ணைக் கண்டுபிடிக்க எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?