ஹவாய் கப்பலில் எட்டு நாள் வெறும் கடல்: பொழுதை எப்படிக் கழிப்பது?

பாளை கணக்கு டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் 31 வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மகன் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறான். வருகிற பிப்ரவரியில் எங்கள் இருவரையும் அங்கிருந்து ஹவாய்க்குக் கப்பலில் அனுப்ப டிக்கெட் போட்டுவிட்டான். மொத்தம் 15 நாள். அட்டவணையைப் பார்த்தால் போகும்போது நாலு நாள், வரும்போது நாலு நாள் "கடலில்" என்று மட்டும் போட்டிருக்கிறது. கரையே கிடையாது.

என்னைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு புத்தகமும் குரோஷா நூலும் இருந்தால் போதும். என் வீட்டுக்காரரை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது. 71 வயது. காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடை, அப்புறம் முருகன்குறிச்சியில் டீயும் பேப்பரும், சாயங்காலம் கோபாலசாமி கோவில். இதில் ஒன்று தவறினாலும் அன்றைக்கு முகமே சரியாக இருக்காது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூன்று நாள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, அப்போது மனிதர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

கப்பலில் சூதாட்டம், டான்ஸ், குடி எல்லாம் இருக்கும் என்கிறார்கள். எங்களுக்கு அதெல்லாம் ஆகாது. நீண்ட நாள் கடலில் இருந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அவரை எதில் ஈடுபடுத்தலாம்?

தென்காசிச் சாரல்:

அம்மா, நாங்கள் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போன கப்பலில்தான் போயிருக்கிறோம், அதில் கடல் நாள் குறைவு. இருந்தாலும் தெரிந்ததைச் சொல்கிறேன். மறுநாள் எங்கே என்ன நடக்கும் என்று முந்தின இரவே நிகழ்ச்சி நிரல் வந்துவிடும். பேனாவால் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சமையல் செய்து காட்டுவது, ஓவியம், சொற்பொழிவு என்று காசில்லாமலே நிறைய இருக்கும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கப்பலின் சிக்னலைப் பிடித்துப் பில் ஏறிவிடும். பாட்டு, சீரியல் எல்லாம் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றலுக்கு இஞ்சி மரப்பா, அதோடு டாக்டரைக் கேட்டு ஒரு மாத்திரை. அறை நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவு.

உவரிக் கப்பல்காரன்:

டீச்சரம்மா, நான் உவரி. கப்பல் மாதா கோவிலுக்குப் பக்கத்துத் தெரு. சரக்குக் கப்பலில் 29 வருஷம் ஓடினேன். பிரேசிலில் இரும்புத் தாது ஏற்றி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சீனா போய்ச் சேர ஒருமுறை 38 நாள் ஆனது. நடுவில் ஒரு துறைமுகம் கிடையாது. அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஓட்டத்தில் எங்களோடு ஒரு பையன் வந்தான். அவனுக்கு அது முதல் கப்பல். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அறையில் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக் கிடப்பான். இரண்டாவது வாரம் சாப்பிட வருவதையும் நிறுத்திவிட்டான். ஒருநாள் என்னிடம் "அண்ணே, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டான். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் போசன், அதாவது தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி, அவனைத் திட்டவில்லை. மேலே பேசி, அவனை என்னோடு நாலு மணி வாட்சுக்கு மாற்றி வாங்கினார். வாட்ச் என்றால் கப்பலில் முறை வைத்துப் பார்க்கிற காவல் வேலை. விடியுமுன் நாலிலிருந்து எட்டு, சாயங்காலமும் நாலிலிருந்து எட்டு. பத்து நாளில் பையன் தெளிந்துவிட்டான். உங்கள் வீட்டுக்காரரும் நேரத்துக்கு நேரம் வாழ்ந்து பழகியவர்தானே. அவருக்குப் பொழுதுபோக்கு தேடாதீர்கள். ஒரு வாட்ச் கொடுங்கள்.

முதல் வேலை, விடிவதற்கு முக்கால் மணி முன்னால் மேல்தளத்துக்குப் போவது. கிழக்கே முதலில் கடலும் வானமும் தனித்தனியாகப் பிரியும், பேனாவால் கோடு கிழித்த மாதிரி. அப்போதும் தலைக்கு மேலே நட்சத்திரம் இருக்கும். எங்கள் ஆபீசர் நட்சத்திரத்தின் உயரத்தை அளக்கிற செக்ஸ்டன்ட் கருவியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வருவது அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான். அதற்கு முன்னால் கோடு தெரியாது, அதற்குப் பின்னால் நட்சத்திரம் தெரியாது. முருகன்குறிச்சி டீ இல்லாவிட்டாலும் கையில் ஒரு காபியோடு அவர் அங்கே நிற்கட்டும்.

இரண்டாவது, நடை. பெரும்பாலான கப்பல்களில் தளத்தைச் சுற்றி நடக்கப் பாதை இருக்கும். எத்தனை சுற்று ஒரு மைல் என்று பலகையில் எழுதியிருப்பார்கள். மைதானத்துக் கணக்கை அப்படியே அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் உங்களுக்கு ஏற்றது. ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் நண்பகல் 12 மணிக்குக் கப்பல் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். அறை டிவியில் ஒரு சேனலில் அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், காற்று எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு டிகிரி அட்சரேகைக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். லாஸ் ஏஞ்சலஸ் 34 டிகிரி வடக்கு, 118 மேற்கு. ஹொனலூலு 21 வடக்கு, 158 மேற்கு. இடைப்பட்ட தூரம் சுமார் 2,230 கடல் மைல். போகும்போது இரண்டு இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அந்த நாளுக்கு 25 மணி நேரம். திரும்பும்போது அந்த இரண்டு மணியும் போய்விடும், அதனால் வரும்போது சீக்கிரம் படுத்துவிடுங்கள்.

நாலாவது ராத்திரி வேலை. இதை நன்றாகக் கேளுங்கள். கையை முழுசாக நீட்டி, முஷ்டியை மூடி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். அந்த முஷ்டியின் உயரம் வானத்தில் சுமார் 10 டிகிரி. துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேலே எத்தனை டிகிரியோ, நீங்கள் நிற்கும் அட்சரேகையும் அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலஸில் மூன்றரை முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு. ஹவாயில் இரண்டு முஷ்டி. நம்ம ஊரில் ஒரு முஷ்டி கூட முழுசாக வராது, அதனால்தான் அதைப் பார்த்தவர்களே நம்மில் குறைவு. அந்தக் காலத்து அரபு மாலுமிகள் ஒரு சின்னப் பலகையில் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கட்டி, கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இதே கணக்கைத்தான் பார்த்தார்கள். கப்பல் தெற்கே போகப் போக ஒவ்வொரு இரவும் அந்த நட்சத்திரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கண்ணால் பார்க்கலாம்.

அதற்கு எதிர்ப்பக்கம் இன்னொன்று ஏறும். நம் அகத்தியர். பொதிகை மலைக்காரர் பேரில் உள்ள அகத்திய நட்சத்திரம்தான் ஆங்கிலத்தில் கனோபஸ். வானத்திலேயே அதிகப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ், அதற்கு அடுத்தது இதுதான். பிப்ரவரியில் இரவு எட்டரை ஒன்பதுக்கு நேர் தெற்கே வரும். ஒரையன் கூட்டத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும் அல்லவா, அந்த வரிசையை அப்படியே கீழே இடது பக்கம் நீட்டினால் சிரியஸ். அங்கிருந்து மூன்றரை முஷ்டி கீழே இறங்கினால் அகத்தியர். லாஸ் ஏஞ்சலஸில் கடலை ஒட்டிக் கிடப்பார், தூசியில் தெரியவே மாட்டார். ஹவாய் போனால் ஒன்றரை முஷ்டிக்கு வந்துவிடுவார். கப்பலில் விளக்கு அதிகம், இருட்டான மூலையாகப் பார்த்துக் கால் மணி நேரம் போன் திரையைப் பார்க்காமல் நில்லுங்கள். கண் பழகிவிடும்.

பகலில் பறவை. புறப்பட்ட முதல் இரண்டு நாள் குளிரும், அலையும் இருக்கும். அப்போது கறுப்புக் கால் ஆல்பட்ராஸ் கப்பலின் பின்னாலேயே வரும். சிறகை விரித்தால் சுமார் இரண்டு மீட்டர். சிறகை அடிக்காமலேயே அலைக்கு மேலே சாய்ந்து சாய்ந்து போகும். நான் அரை மணி நேரம் விடாமல் பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு அடி அடித்தது. அப்புறம் காற்று வாடையும் கொண்டலும் கலந்த வடகிழக்குத் திசைக்கு மாறி வெதுவெதுப்பாகும். அப்போது கோலா மீன் பறக்க ஆரம்பிக்கும். கப்பல் முன்பக்கம் தண்ணீரைக் கிழிக்கிற இடத்தைப் பாருங்கள், வெள்ளிக்காசை வீசின மாதிரி கூட்டமாகக் கிளம்பும். ஓங்கல், அதாவது டால்பின், வந்தாலும் வரும். தீவுகளை நெருங்கியதும் திமிங்கலம். குளிர்காலத்தில் அலாஸ்கா பக்கமிருந்து கூனல் திமிங்கலங்கள் குட்டி போட ஹவாய்க்குத்தான் வருகின்றன. பைனாகுலர் ஒன்று கட்டாயம் வேண்டும், மகனிடம் சொல்லிவிடுங்கள்.

பாளை கணக்கு டீச்சர்:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. இதை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அந்தப் பையன் கிழமை கேட்ட இடத்தில் "இன்னொரு தடவ வாசி" என்றார். நேற்று ராத்திரி மொட்டை மாடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். வடக்கே பக்கத்து வீட்டு மாடி மறைக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். ஹவாய் போய்விட்டு நேராக லாஸ் ஏஞ்சலஸ் வராமல் மெக்சிகோவில் ஏன் நிற்கிறது?

உவரிக் கப்பல்காரன்:

அது அமெரிக்காவின் 1886ஆம் வருஷச் சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் பயணிகள் கப்பல் அவர்கள் துறைமுகத்திலேயே கிளம்பி அங்கேயே முடிக்கிற ஓட்டத்தில், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட்டாக வேண்டும். அதற்குத்தான் என்செனாடா.

முத்துநகர் மைனி:

டீச்சர், நானும் என் மகளோடு இதே ஹவாய் ஓட்டம் போனவள். அண்ணாச்சி சொன்னது ராத்திரிக்கும் விடியலுக்கும் சரி. மதியச் சாப்பாட்டுக்கும் நாலு மணிக்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறதே, அதுதான் கஷ்டமானது. அதற்கு ஒரு பல்லாங்குழிப் பலகை எடுத்துப் போங்கள், மடக்குகிற மாதிரி உள்ளது. புளியமுத்து வேண்டாம், விதை எதுவும் அமெரிக்காவுக்குள் கொண்டுபோவது வம்பு. திருச்செந்தூர் கடைகளில் சோழி கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் காபி குடிக்கும் இடத்தில் ஜன்னலோரம் பலகையை விரித்து ஆடிக்கொண்டிருந்தோம். தட்டு எடுக்க வந்த பிலிப்பைன்ஸ் பெண் அப்படியே நின்றுவிட்டாள். "சுங்கா!" என்றாள். அவர்கள் ஊரிலும் இதே ஆட்டம், பக்கத்துக்கு ஏழு குழி, அவர்களும் சோழி வைத்துத்தான் ஆடுவார்களாம். இரண்டு கோடியிலும் ஒவ்வொரு பெரிய குழி கூடுதலாக உண்டு என்று கையால் காட்டினாள். அவள் பாட்டி தரையில் குழி தோண்டி ஆடுவாளாம். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது, வீட்டை விட்டு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது அவளுக்கு. மறுநாள் தன் இடைவேளையில் வந்து பத்து நிமிஷம் நின்றபடியே என் மகளோடு ஆடினாள். மூன்றே சுற்றில் என் மகளின் குழிகளைக் காலி செய்துவிட்டாள். அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளிடம் பெயர் கேட்டு, ஊர் கேட்டுப் பேசுங்கள் டீச்சர். எனக்கு அந்தப் பயணத்தில் மனசில் நிற்பது அதுதான்.

பாளை கணக்கு டீச்சர்:

திரும்பி வந்துவிட்டோம், மகன் வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன். முதல் நாள் ஆட்டத்தில் இரண்டு பேரும் படுத்துவிட்டோம். இரண்டாம் நாள் விடியலில் அவரே எழுந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மேலே போய்விட்டார். அன்றிலிருந்து என்னை எழுப்பியது அவர்தான். ஆல்பட்ராஸ் பார்த்தோம். கோலா மீன் மூன்றாம் நாள் பிற்பகலிலிருந்து. மைனி சொன்ன மாதிரி பல்லாங்குழியும் எடுத்துப் போனேன், இந்தோனேசியப் பையன் ஒருவன் "சொங்க்லாக்" என்றான்.

நோட்டில் இருப்பது: இரண்டாம் நாள் நண்பகல் முதல் மூன்றாம் நாள் நண்பகல் வரை 25 மணி நேரம், 470 கடல் மைல். மணிக்கு 18.8. கிலோமீட்டரில் 870, பாளையிலிருந்து சென்னை போவதைவிட அதிகம். நாலாம் நாள் இரவு துருவ நட்சத்திரம் இரண்டரை முஷ்டி. அகத்தியர் ஒரு முஷ்டியும் இரண்டு விரலும். அகத்தியரைப் பார்த்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அண்ணாச்சி, ஒன்று கவனித்தேன். அகத்தியர் நேர் தெற்கே வரும் நேரத்தில் இரண்டு உயரத்தையும் கூட்டினால் ஒவ்வொரு இரவும் ஏறக்குறைய மூன்றே முக்கால் முஷ்டிதான் வருகிறது. ஒன்று எவ்வளவு இறங்குகிறதோ மற்றது அவ்வளவு ஏறுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், பாளையிலும் அதே கூட்டுத்தொகை வர வேண்டும். வடக்கே முக்கால் முஷ்டிக்கு மேலே, தெற்கே மூன்று முஷ்டிக்குச் சற்றுக் குறைவு. அடுத்த தை மாதம் ஊரில் அளந்து பார்த்தே தீர வேண்டும் என்கிறார். எங்கள் மாடியிலிருந்து வடக்குத் தெரியாது. எங்கே நின்றால் தெரியும்?

உவரிக் கப்பல்காரன்:

டீச்சரம்மா, 29 வருஷம் பார்த்தும் அந்தக் கூட்டல் எனக்குத் தோன்றியதில்லை. தை பிறந்ததும் இரண்டு பேரும் உவரிக்கு வாருங்கள். கரையில் நின்றால் பனைமரம் மறைக்கும். என் தம்பி வள்ளம் இருக்கிறது, காற்று இல்லாத ராத்திரியாகப் பார்த்து நாலு மைல் உள்ளே போவோம். அங்கே வடக்கே கரை தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடாகத்தான் கிடக்கும். நோட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள்.