டேட்டாபேஸ் ஒன்று, ரிப்போர்ட் சர்வர் இரண்டு: வெர்ஷன் மாறி மாட்டிக்கொண்டவர்கள் வாங்க

நைட்ஷிஃப்ட்

முதலில் என் கதை. வருகிறவர்களை இரண்டு சர்வருக்கும் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால், இரண்டு எஸ்எஸ்ஆர்எஸ் (மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் ரிப்போர்ட் மென்பொருள்) 2008 ஆர்2 சர்வர்கள். இரண்டுக்கும் ஒரே ரிப்போர்ட்சர்வர் டேட்டாபேஸ். சனிக்கிழமை இரவு அதில் ஒரு சர்வரை மட்டும் 2012-க்கு ஏற்றினேன். அந்த சர்வரின் பெயரைப் போட்டே போர்ட்டலைத் திறந்து நாலு ரிப்போர்ட் ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் ஜோர். இரண்டாவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போய்விட்டேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு போன் அடிக்க ஆரம்பித்தது. ஒருவருக்கு ரிப்போர்ட் வருகிறது, பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு வரவில்லை. ரெஃப்ரெஷ் செய்தால் வருகிறது, மறுபடி செய்தால் போய்விடுகிறது. நெட்வொர்க் டீமைப் பிடித்துக் காய்ச்சினோம். பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் இரண்டு சர்வரையும் தனித்தனியாகத் திறந்து பார்க்கத் தோன்றியது. இரண்டாவதில் பளிச்சென்று எழுதியிருந்தது: டேட்டாபேஸில் கண்ட வெர்ஷன் 162, எதிர்பார்த்தது 147.

அதையும் நான் தலைகீழாகப் படித்தேன். டேட்டாபேஸ் பழசு, சர்வர் புதுசு என்று நினைத்துவிட்டேன். கண்டது என்பது டேட்டாபேஸின் ஸ்கீமா (உள் அமைப்பு) எண், எதிர்பார்த்தது என்பது சர்வருக்குத் தெரிந்த எண். 147 என்றால் 2008 ஆர்2, 162 என்றால் 2012. சனிக்கிழமை புது சர்வரின் சர்வீஸ் எழுந்தபோதே டேட்டாபேஸையும் தன் அளவுக்கு உயர்த்திவிட்டது. யாரிடமும் கேட்காது. உயர்த்தியதை இறக்கவும் வழி கிடையாது.

பேக்கப்புக்குத் திரும்பினால் ஞாயிற்றுக்கிழமை சேர்த்த சப்ஸ்கிரிப்ஷன்கள் (நேரம் வைத்துத் தானாக அனுப்பும் ரிப்போர்ட்டுகள்) போய்விடும். அதனால் இரண்டாவது சர்வரை லோட் பேலன்சரிலிருந்து கழற்றிவிட்டு, ஒற்றை மாட்டு வண்டியாக அன்றைக்கு ஓட்டினோம். மதியத்துக்குள் அதையும் 2012 ஆக்கியாகிவிட்டது.

பழையடிபிஏ

நீங்களாவது வேலை செய்யும்போது மாட்டினீர்கள். எங்கள் இடத்தில் நடந்தது விளையாட்டு. வெர்ஷன் எண் சி.0.9.45 என்று இருந்த 2008 காலம். ஒரு தம்பி தன் டெஸ்ட் மெஷினில் 2008 ஆர்2 போட்டுவிட்டு, நிஜமான ரிப்போர்ட்டுகளை வைத்துப் பார்க்கலாமே என்று கான்ஃபிகரேஷன் மேனேஜரில் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸைக் காட்டிவிட்டார். பாஸ்வேர்ட் அவரிடம் ஏன் இருந்தது என்று கேட்காதீர்கள். அடுத்த சில நிமிடங்களில் ப்ரொடக்‌ஷன் படுத்துவிட்டது.

முந்தைய இரவு பேக்கப் இருந்ததால் பிழைத்தோம். ரிப்போர்ட்சர்வர், அதன் தற்காலிக டேட்டாபேஸான ரிப்போர்ட்சர்வர்டெம்ப்டிபி இரண்டையும் சேர்த்தே ரீஸ்டோர் செய்தேன். ஒன்றை மட்டும் எடுத்து வைத்தால் ஒட்டாது. டேட்டாபேஸில் இருக்கும் பாஸ்வேர்டுகளைப் பூட்டித் திறக்கும் என்கிரிப்ஷன் கீயைத் தொட வேண்டியிருக்கவில்லை, அதே சர்வர் அதே டேட்டாபேஸுக்குத்தானே திரும்பியது. டெஸ்ட் மெஷின்கள் அந்த டேட்டாபேஸ் பக்கமே வராதபடி அன்று சாயங்காலமே ஃபயர்வாலில் ஒரு வரி ஏறியது. தம்பி இன்னும் எங்களோடுதான் இருக்கிறார், நல்ல பையன்.

குறுக்குவழி

திட்டாதீர்கள், இதே எர்ரருக்கு நான் வெர்ஷன் எண்ணையே மாற்றியவன். டிபிஅப்கிரேட்ஹிஸ்டரி என்ற டேபிளின் கடைசி வரியைத்தான் சர்வர் படிக்கிறது என்று தெரிந்ததும், அதில் பழைய எண்ணைப் போட்டுவிட்டேன். எர்ரர் போய்விட்டது, போர்ட்டலும் திறந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் சப்ஸ்கிரிப்ஷன் ஒன்றுகூட ஓடவில்லை. லாக் ஃபைல் முழுக்க ஸ்டோர்ட் ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள் எழுதி வைத்த நிரல்) பாராமீட்டர் எர்ரர்.

நைட்ஷிஃப்ட்

@குறுக்குவழி திட்டவில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். மாறியது டேபிளும் ப்ரொசீஜரும். நீங்கள் மாற்றியது பெயர்ப்பலகையை மட்டும். தயவுசெய்து யாரும் இதைக் காப்பி அடிக்க வேண்டாம்.

ஸ்டாண்டர்ட்

என்னுடையது வெர்ஷன் இல்லை, எடிஷன். கேட்டால் ஒரே தலைவலிதான். பழைய மெஷினிலிருந்து டேட்டாபேஸை எடுத்து ஸ்டாண்டர்ட் எடிஷன் இருக்கும் புது மெஷினில் வைத்தேன், கீயையும் ரீஸ்டோர் செய்தேன். ஸ்கேல்-அவுட் (ஒரே டேட்டாபேஸைப் பல ரிப்போர்ட் சர்வர்கள் பங்கு போடுவது) இந்த எடிஷனில் கிடையாது என்கிறது. எனக்கு இருப்பதே ஒரு சர்வர், எதை ஸ்கேல்-அவுட் செய்தேன்? பார்த்தால் கீஸ் டேபிளில் பழைய மெஷினின் பெயரும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதனால் இரண்டு சர்வர் பங்கு போடுவதாக நினைத்துக்கொள்கிறது. பேக்கப் எடுத்துவிட்டு அந்தப் பழைய வரியை நீக்கினேன், சரியாகிவிட்டது.

புதுசு

எனக்கு இன்று காலையிலிருந்து நைட்ஷிஃப்டுக்கு வந்த அதே வெர்ஷன் எர்ரர். நாங்கள் ரிப்போர்ட் சர்வரைத் தொடவே இல்லை. போன வாரம் டேட்டாபேஸை ஓட்டும் எஸ்க்யூஎல் இன்ஜினை மட்டும் புது வெர்ஷனுக்கு மாற்றினோம். அதனாலா?

பழையடிபிஏ

இன்ஜின் வெர்ஷன் வேறு, இந்த எண் வேறு. 2008 ஆர்2 ரிப்போர்ட் சர்வரின் டேட்டாபேஸ் வேறொரு வெர்ஷன் இன்ஜினில் இருந்தாலும் ஸ்கீமா எண் 147-ஆகவே இருக்கும். இன்ஜின் எந்த வெர்ஷன் போல நடக்க வேண்டும் என்று சொல்லும் காம்பாட்டிபிலிட்டி லெவலையும் நோண்ட வேண்டாம். குறுக்குவழி சொன்ன அந்த டேபிளைத் திறங்கள், மாற்ற வேண்டாம், பார்த்தால் போதும். எந்த வெர்ஷன், யார், எப்போது என்று வரிவரியாக இருக்கும்.

புதுசு

பார்த்துவிட்டேன் சார். கடைசி வரி நேற்று இரவு 11:40. யூசர் இடத்தில் டெஸ்ட் சர்வரின் சர்வீஸ் அக்கவுண்ட் இருக்கிறது. அந்த டெஸ்ட் சர்வரை அமைத்தவர் என் மேனேஜர். இப்போது எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பழையடிபிஏ

முதலில் அந்த டெஸ்ட் சர்வரின் சர்வீஸை நிறுத்துங்கள். ரீஸ்டோர் செய்த பிறகு அது மறுபடி எழுந்தால் மறுபடி உயர்த்திவிடும். மேனேஜரிடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுங்கள்.