புளூ-ரேக்கும் டிவிடிக்கும் நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறதா?

கேள்வி:
32 இன்ச் டிவி, சோபா பத்தடி தள்ளி. ஒரே படத்தை டிவிடியிலும் புளூ-ரேயிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணில் கோளாறா, இல்லை எல்லாரும் சும்மா அளக்கிறார்களா?

பதில்:
கண் நன்றாகத்தான் இருக்கிறது, தூரம்தான் பிரச்சினை. PAL என்ற டிவி முறையில் வரும் டிவிடியில் 720x576 புள்ளிகள், புளூ-ரேயில் 1920x1080, அதாவது ஐந்து மடங்கு. ஆனால் 32 இன்ச்சில் அதை முழுசாகப் பிரித்துப் பார்க்க நாலைந்து அடிக்குள் உட்கார வேண்டும். அதோடு இப்போதைய பிளேயர்கள் டிவிடியையே பெரிதாக்கி ஓரளவு சமாளித்துக் காட்டிவிடும்.

பதில்:
முதலில் ஒயரைப் பாருங்க. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் என்றால் எச்டி வரவே வராது.

பதில்:
குளோசப் முகத்தை வைத்து ஒப்பிடாதீர்கள், அதில் டிவிடியும் தப்பித்துவிடும். தூரத்து மரத்தின் இலைகள், பொடிக்கட்டம் போட்ட சட்டை, கடைசியில் ஓடும் சின்ன எழுத்து, அப்புறம் புகை, இருட்டுக் காட்சி, இவற்றைப் பாருங்கள். இருட்டில்தான் டிவிடி கட்டம் கட்டமாக உடையும். எல்லா புளூ-ரேயும் ஒசத்தி என்றும் இல்லை, பழைய படச்சுருளில் இயல்பாகத் தெரியும் பொடித் துகளை (கிரெயின்) வழித்தெடுத்து முகங்களை மெழுகுப் பொம்மை ஆக்கிய டிஸ்க்குகளும் இருக்கின்றன. எந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தீர்கள்?