பழைய பெட்ரோல் வண்டிக்கு, கம்பெனி கொடுத்ததை விட்டு வெளியில் வாங்கிய ஏர் கிளீனர் மாட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கன்னங்குறிச்சி:
ராணுவ ஏலத்தில் வந்த நிசான் ஒன் டன் டிரக். ஆறு சிலிண்டர், 3956 சிசி. பழைய ஏர் கிளீனரின் ஆயில் பாத் கிண்ணம் (தூசியை எண்ணெயில் பிடித்து வைப்பது) துருவேறி ஓட்டை விழுந்ததால், பேப்பர் ஃபில்டர் வைத்த வட்ட ஏர் கிளீனர் ஒன்றை வாங்கி, கழுத்துக்கு லேத்தில் ஒரு வளையம் கடைந்து மாட்டினேன். சமதளத்தில் நன்றாகத்தான் ஓடியது. உர மூட்டையோடு ஏற்காடு ஏறும்போது எட்டாவது கொண்டை ஊசியில் இழுவை செத்துவிட்டது, பின்னால் கரும்புகை. சோக்குக் குமிழோ முழுக்க உள்ளே இருக்கிறது, அதாவது குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றை அடைக்கும் சோக்குத் தகடு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, இஞ்சின் ஓடும்போதே ஏர் கிளீனர் மூடியைக் கழற்றினேன். கழற்றியதும் சோக்குத் தகடு டக்கென்று நிமிர்ந்தது, இஞ்சின் சத்தம் தெளிந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் நகக்கீறல் போல ஒரு பிறை. தகட்டின் விளிம்பு உரசிய தடம் அது. கேபிள் தள்ளியிருக்கிறது, மூடி தடுத்திருக்கிறது. அதற்கு முந்தைய ஒரு மாதமும் கார்புரேட்டர் மேல் பழி போட்டு, பெட்ரோல் அளவை முடிவு செய்யும் துளையான ஜெட்டை ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பிறையை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

நாகலூர்:
அண்ணா, மூடி மட்டும் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீங்க. சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மேலே வரும்போது காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது, கிட்டத்தட்ட அதே பெட்ரோலைத்தான் கொடுக்கும். கீழே சரியாக ட்யூன் செய்த வண்டியும் மேலே கொஞ்சம் கறுப்பாகத்தான் விடும். எங்கள் எஸ்டேட் ஜீப்பில் இன்னமும் ஆயில் பாத்தான். போன மழைக்காலத்தில் கிண்ணத்தைத் திறந்தேன். ஆயில் மோர் மாதிரி வெளுத்து, அளவுக் கோட்டுக்கு மேலே நின்றது. தண்ணீர் கலந்திருக்கிறது. அதைக் கொட்டிவிட்டு, கழுவி, கோடு வரைக்கும் புது ஆயில் விட்டதோடு சரி. பேப்பர் ஃபில்டர் இந்தப் பனியில் நனைந்து ஊறினால் அப்படிக் கழுவ முடியுமா?

கருப்பூர்:
நாகலூர்த் தம்பி சொல்வது மலைக்குச் சரி. இங்கே வெள்ளைத் தூசி பறக்கும் மேக்னசைட் சுரங்கத்துப் பக்கம் வந்து பாருங்க. எண்ணெய் தடவிய பருத்தித்துணி ஃபில்டர், கூம்பு வடிவம், மாட்டி மூன்று மாதம் இருக்கும். கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தேன். விரல் நுனி திருநீறு தொட்டது போல வெள்ளை. துணி மேல் தப்பே இல்லை. ரப்பர் கழுத்து ஒரு சுற்று பெரிசு, கிளிப்பை இறுக்கியதும் ஒரு பக்கம் மடிந்து இடைவெளி விட்டுவிட்டது. உள்ளே போன தூசியால் அந்த வருஷமே பிஸ்டன் ரிங் மாற்றினேன்.

அஸ்தம்பட்டி:
எனக்கு நடந்தது சின்னது. ஏர் கிளீனர் மூடியின் விங் நட்டை (காது வைத்த நட்) கழற்றும்போது வாஷர் ஒன்று கார்புரேட்டர் வாய்க்குள் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யாமல், கார்புரேட்டரிலிருந்து இஞ்சினுக்குப் போகும் மேனிஃபோல்டுக் குழாயையே கழற்றி எடுத்தோம்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வாங்குவதற்கு முன்னால் கார்புரேட்டர் வாயின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள், டேப் வேண்டாம். உயரத்துக்கு, சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றை ஏர் கிளீனர் மூடி மேல் வைத்து பானெட்டை முழுக்கச் சாத்தித் திறங்கள். நசுங்கி நிற்கிற கனம்தான் உங்களுக்கு மிச்சமுள்ள இடம். இஞ்சின் அசையும், அதனால் ஒரு விரல் கனமாவது இருக்கட்டும். மூடியை மாட்டிய பிறகு சோக்கை முழுக்க இழுத்து, முழுக்கத் தள்ளிப் பாருங்கள், எங்கேயும் பிடிக்கக் கூடாது. ஃபில்டர் விளிம்பில் மெல்லிசாக கிரீஸ் தடவி மூடித் திறந்தால் தடம் முழு வட்டமாக விழ வேண்டும். விட்டுப்போன இடத்தில்தான் தூசி நுழையும், கருப்பூர் அண்ணனுக்கு நடந்தது அதுதான். பழைய ஏர் கிளீனரில் கிராங்க் கேஸ் மூச்சுக்குழாய் (இஞ்சினுக்குள் சேரும் புகையை வெளியேற்றுவது) வந்து சேர்ந்திருந்தால் புதியதிலும் அதற்கு வழி வையுங்கள், திறந்து விட்டால் அது வழியாகவும் தூசி போகும், அடைத்தால் சீல்களில் ஆயில் கசியும். விங் நட்டைக் கையால் இறுக்கினால் போதும். பிளையர் போட்டால் கார்புரேட்டரின் மேல்பாகம் வளைந்து சோக்கு பிடிக்கும். ‘கொஞ்ச தூரம்தானே’ என்று ஏர் கிளீனர் இல்லாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். கார்புரேட்டர் வழியாகப் பேக்ஃபயர் அடித்தால், அதாவது தீ பின்பக்கமாகச் சீறினால், அதைத் தடுக்க அது ஒன்றுதான் இருக்கிறது.

கன்னங்குறிச்சி:
அஸ்தம்பட்டி அண்ணா, இன்றைக்குக் காலையிலேயே வீட்டில் மாவு வாங்கி வைத்துப் பார்த்தேன். 34 மில்லிமீட்டர் நின்றது. இப்போது இருப்பதைவிட 15 மில்லிமீட்டர் உயரமான ஃபில்டர் தாராளமாகப் போகும், தகடும் நிமிர இடம் கிடைக்கும். மூடியைப் பிடிக்கும் ஸ்டட்டைத்தான் கொஞ்சம் நீளமாகக் கடைய வேண்டும், செவ்வாய்ப்பேட்டை லேத்தில் கொடுத்திருக்கிறேன். நாகலூர்த் தம்பி, மெயின் ஜெட்டைப் பழைய எண்ணுக்கே மாற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இருபது வளைவும் ஏறி, மேலே வந்து பிளக்கைக் கழற்றுகிறேன். நீங்களும் வந்து அதன் நிறத்தைப் பாருங்கள், கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் இன்னும் அதிகம்.