கைபேசியில் பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கிறது: ஊட்டுவதை நிறுத்தலாமா?

அரவேணு அம்மா:
பெண்ணுக்கு இரண்டரை வயது, 10.8 கிலோ. அங்கன்வாடியில் எடை போட்டுப் பார்த்துவிட்டு, அளவுக்குள்தான் இருக்கிறாள், பயப்பட வேண்டாம் என்றார்கள். மாமியார் நம்பவில்லை. கைபேசியில் பாட்டைப் போட்டு உருண்டை உருண்டையாக உள்ளே தள்ளுகிறார். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம். பாட்டு நின்றால் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறாள். நேற்று அரை மணி நேரம் அடக்கி வைத்திருந்து என் ஸ்வெட்டரில் துப்பினாள். ஊட்டுவதை நிறுத்தலாமா?

குந்தா குளிர்:
நிறுத்தவே கூடாது. இந்தக் குளிரில் அரை வயிற்றோடு குழந்தை எப்படித் தூங்கும்? நான் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவன். கொழுந்து பறிக்கப் போகும் முன் அம்மா அதட்டி ஊட்டிவிட்டுத்தான் போவார். இன்றைக்கும் மேடேறினால் மூச்சு வாங்காது.

குன்னூர் நர்ஸ்:
அண்ணா, அப்போது அடுத்த வேளைச் சோறு எப்போது என்பதே கேள்வி. இங்கே அது இல்லை. பிறந்த எடை முதல் வருடத்தில் மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடம் முழுக்கச் சுமார் இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் குறையும். வீட்டில் அதைத்தான் 'சாப்பிடவே மாட்டேங்கிறா' என்கிறார்கள்.

2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றுக்கு மட்டும் 'சூப்பைக் குடித்து முடி' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொல்லாமல் விட்ட சூப்பைத்தான் அதிகம் குடித்தார்கள். சொன்ன சூப்பைப் பற்றி ஒரே புகார்.

கைபேசி தனிக் கதை. 2 முதல் 4 வயதுக்கு ஒரு நாளைக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் வீட்டில் ஒரு வேளைச் சோற்றுக்கே அது தீர்ந்துவிடுகிறது!

குந்தா குளிர்:
சூப்பும் சோறும் ஒன்றா? அப்படியே விட்டால் பிள்ளை வர்க்கி பிஸ்கட் தின்றே வயிற்றை நிரப்பிக்கொள்ளும்.

குன்னூர் நர்ஸ்:
எதை, எப்போது கொடுப்பது என்பது நம் கையில். எவ்வளவு என்பது அவள் வயிற்றின் கையில். வர்க்கியை அலமாரி உச்சியில் வைத்து 'தொடாதே' என்பதும் வினைதான். என் அக்கா வீட்டில் அப்படித்தான். இப்போது அவர் மகன் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டின்னைத்தான் தேடுகிறான்.

மன்னவனூரான்:
கொடைக்கானல் பக்கமிருந்து ஒரு குறுக்குக் கேள்வி. திணிப்பதால் பிள்ளை மெலிகிறதா, மெலிந்த பிள்ளைக்குத்தான் வீட்டில் திணிக்கிறார்களா? பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் இரண்டாவதுதான் பலமாகத் தெரிகிறது. பசியில் பெரும் பங்கு பிறவியிலேயே வருகிறது என்று பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆக எல்லாப் பழியையும் மாமியார் தலையில் போடாதீர்கள். இன்னொன்று, நிஜமாகவே எடை குறைந்த குழந்தைக்கும் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கும் 'அதுவே கேட்கும்' என்று விட்டுவிட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து ஊட்டத்தான் வேண்டும்.

குன்னூர் நர்ஸ்:
அது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஊட்டுவது தப்பில்லை. வாயை மூடிக்கொண்ட பிறகும் தள்ளுவதுதான் தப்பு.

அரவேணு அம்மா:
நேற்று ராத்திரி கைபேசியை ஒளித்துவிட்டேன். அவரைக்காய்க் குழம்பு பிசைந்து தட்டை முன்னால் வைத்தேன். நான்கு வாய் உள்ளே போனது, மீதி பாயில். மாமியார் என்னோடு பேசவில்லை.

குந்தா குளிர்:
ராத்திரி அழுதாளா?

அரவேணு அம்மா:
இல்லை அண்ணா, நன்றாகத் தூங்கினாள். காலை ஐந்தரைக்கே எழுப்பி வர்க்கி கேட்டாள். இட்லி ஊற்றுகிறேன், இருடி என்று அடுப்பைப் பற்றவைத்தேன்.

குன்னூர் நர்ஸ்:
சபாஷ். எத்தனை இட்லி சாப்பிட்டாள்?

அரவேணு அம்மா:
ஒன்றுகூட இல்லை. வெந்து இறக்குவதற்குள் மாமியார் இரண்டு வர்க்கி கொடுத்துவிட்டார்.